சிவப்பு என்றால் சும்மா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் இந்தப் பள்ளியில் சோம்பல் ஒழிக்கப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிவிட்டு, தலைமையாசிரியர் வாசித்த அறிவிப்பு இது. அந்தப் பள்ளியில் கொசுவை ஒழிக்க முடியவில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் போன வருடம் கழன்று விழுந்தது, இன்னும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆனால் சோம்பல் மட்டும் ஒரே காலையில் ஒழிந்துவிட்டதாம்.

ஒழித்தது ஒரு பட்டை. நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை. உள்பக்கம் இரண்டு உலோக வில்லைகள், காதில் மாட்ட ஒரு கிளிப், முன்பக்கம் ஒரு குட்டி விளக்கு.

"மூளைக்குள்ள மின்சாரம் ஓடுது," என்றார் பட்டையை விற்க வந்தவர். அவர் கழுத்தில் ஒரு டை, முகத்தில் கழற்றவே முடியாத ஒரு சிரிப்பு. "அது அலை அலையா வரும். வேகமான அலைன்னா பிள்ளை கவனிக்குது, விளக்கு பச்சை. மெதுவான அலைன்னா பிள்ளை சும்மா இருக்கு, விளக்கு சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்."

"எல்லாரும் சொல்லுங்க," என்றார் தலைமையாசிரியர். "பச்சை என்றால் கவனம். சிவப்பு என்றால் சும்மா."

எல்லோரும் சொன்னார்கள்.

ஆசிரியர்களுக்குப் பட்டை கிடையாது. தலைமையாசிரியருக்கும் கிடையாது. அவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளை எல்லோரும் 'ஜன்னல்' என்று கூப்பிடுவார்கள். கேள்வி கேட்டால் வெளியே பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். பதில் எங்கோ மரத்தில் காய்த்துத் தொங்குவதுபோல.

அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்குப் பெயர் 'அப்புறம்'. எது கேட்டாலும் "அப்புறம் சொல்றேன் டீச்சர்" என்பான். பலர் அப்படிச் சொல்வார்கள், ஆனால் பதில் சொல்ல மாட்டார்கள். இவன் சொல்வான். கணக்குப் பாடத்தில் கேட்டதற்கு வரலாற்றுப் பாடத்தில் பதில் வரும். ஒருமுறை ஒரு மன்னர் போருக்குப் புறப்படும் நேரத்தில் இவன் எழுந்து, "எட்டில் மூணு பங்கு," என்றான். மன்னர் திகைத்து நின்றார். ஆனால் விடை சரி.

அந்தத் திங்கட்கிழமை கணக்கு டீச்சர் ஒரு புதிர் போட்டார்.

"அஞ்சு பூட்டு, அஞ்சு சாவி. எல்லாம் கலந்து போச்சு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு கண்டுபிடிக்கணும். எவ்வளவு மோசமான அதிர்ஷ்டமா இருந்தாலும் சரி, அதிகபட்சம் எத்தனை தடவை சாவியைப் போட்டுப் பாக்கணும்?"

"இருபத்தஞ்சு டீச்சர்," என்று பாதி வகுப்பு கத்தியது.

"இல்லை. யோசிங்க."

அப்புறம் கண்ணைப் பாதி மூடினான். தோள்கள் தளர்ந்தன. "அப்புறம் சொல்றேன் டீச்சர்," என்றான்.

அவன் நெற்றியில் சிவப்பு எரிந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் புதிதாக மாட்டிய பெரிய திரையில் அவனுடைய இருக்கை எண்ணும் சிவந்தது. கீழே பெரிய எழுத்தில் 'சும்மா' என்று வந்தது.

வகுப்பே சிரித்தது. அப்புறமும் சிரித்தான். முதல் நாள் என்பதால் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை ஓர் அறிவியல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கண்டுபிடித்தவன் 'மிட்டாய்'. கடைசி பெஞ்சில் திருட்டுத்தனமாக மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தான். அவன் விளக்கு பச்சை என்றால் அப்படியொரு பச்சை.

"பாருங்க, எவ்வளவு கவனம்," என்று மெய்சிலிர்த்தார் தலைமையாசிரியர். அவர் கதவோரமாக நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கவனிக்கவே இல்லடா," என்று இடைவேளையில் மிட்டாய் ரகசியம் சொன்னான். "கடிச்சேன். பல்லை இறுக்கிக் கடிச்சா பச்சை வருது."

அடுத்த பாடத்தில் வகுப்பு முழுவதும் பல்லைக் கடித்தது. திரை வயல்வெளி மாதிரி பச்சைப் பசேல்.

"பூமிக்கு எத்தனை நிலா?" என்று கேட்டார் அறிவியல் டீச்சர்.

"ம்ம்," என்றது வகுப்பு.

"எத்தனை?"

"ம்ம்ம்."

வாயைத் திறந்தால் சிவந்துவிடுமே. அன்று முழுவதும் அந்த வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. பள்ளியிலேயே மிகச் சிறந்த வகுப்பு என்று அதற்குப் பாராட்டு வந்தது.

அப்புறமும் பல்லைக் கடித்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு சிக்கல். யோசிக்க ஆரம்பித்ததும் பல்லைக் கடிக்க மறந்துவிடும்.

புதன்கிழமை தலைமையாசிரியர் நேரில் வந்தார்.

"சும்மா ஒழிப்பு வகுப்பு தொடங்கப் போறோம்," என்றார். "பழைய பொருள் வைக்கிற அறையிலே. அதிகமாச் சிவப்பு வர்ற பிள்ளைங்க வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கதான் உக்காரணும். முதல்ல இவன். அம்மாவைக் கூட்டிட்டு வா."

அவர் விரல் அப்புறத்தின் நெற்றியைச் சுட்டியது. விளக்கும் ஆமாம் போட்டது.

அந்த அறையில் கால் உடைந்த பெஞ்சுகள், காற்றுப்போன பந்துகள், ஓடாத கடிகாரம் ஆகியவை இருந்தன. ஜன்னல் கிடையாது.

சாப்பாட்டு இடைவேளையில் அப்புறம் குழாயடியில் நின்றான். தண்ணீர் நிரம்பி வழிந்த பிறகும் பாட்டிலை எடுக்கவில்லை.

"என் தலையில ஒண்ணும் ஓடலையாம், ஜன்னல்."

"யாரு சொன்னா?"

"மிஷின் சொல்லுது. மிட்டாய் சொன்னா சண்டை போடலாம். மிஷினுக்கு என் மேல என்ன கோபம்? அது பொய் சொல்லாதுல்ல?" அவன் பாட்டிலை மூடினான். "நேத்து டீச்சர் கேட்டப்போ நான் யோசிக்கவே இல்ல. யோசிச்சு என்ன, உள்ள ஒண்ணும் இல்லையேன்னு விட்டுட்டேன்."

ஜன்னலுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அதற்கு விளக்கே தேவையில்லை. இப்போது இரண்டு காதும் சிவந்தன.

ஜன்னலின் அப்பா ஒரு மருத்துவமனையில் மூளையின் அலைகளைப் பதிவு செய்கிறவர். நோயாளியின் தலையில் பசை தடவி, வரிசையாகக் கம்பிகளை ஒட்டி, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. பள்ளி விட்டதும் ஜன்னல் அங்கே போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். அப்பாவின் திரை அங்கிருந்தே தெரியும்.

அன்று உள்ளே ஒரு வக்கீல் படுத்திருந்தார்.

"சும்மா இருங்க சார்," என்றார் அப்பா.

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருந்தா பேச மாட்டீங்களே."

"சும்மா இருக்கறதுன்னா சரியா என்ன அர்த்தம்? தெளிவாச் சொல்லிட்டா நான் இருப்பேன்."

"கண்ணை மூடுங்க. எதையும் நினைக்காதீங்க."

"எதையும் நினைக்காம இருக்கணும்னு நினைக்கலாமா?"

அப்பா பெருமூச்சு விட்டார். தலையில் இருபது கம்பியோடு படுத்திருக்கும்போதும் வாதாடுகிறவரை அவர் அன்றுதான் பார்த்தார். ஒருவழியாக வக்கீல் கண்ணை மூடினார். திரையில் கிறுக்கலாக ஓடிய கோடுகள் மெல்ல ஒழுங்காயின. சீப்பு போட்டு வாரிவிட்ட தலைமுடி மாதிரி, ஒரே சீராக, அலை அலையாக.

திடீரென்று கோடுகள் எல்லாம் அடர்ந்து கறுத்தன. முள்புதர் முளைத்தாற்போல.

"சார், பல்லைக் கடிக்காதீங்க," என்றார் அப்பா. "மூளை எழுதல, தாடை எழுதுது."

ஜன்னலின் பென்சில் நின்றது.

வக்கீல் போன பிறகு உள்ளே போய்க் கேட்டாள். "அப்பா, சும்மா இருக்கும்போது மூளை வேலை செய்யாதா?"

"யாரு சொன்னது? கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டா உள்ள சும்மாவா இருப்பாரு? வந்த சரக்கைப் பிரிச்சு, எது எங்கன்னு அடுக்கி வைப்பாரு. கூட்டம் இல்லாத நேரத்துலதான் அதெல்லாம் நடக்கும். மூளையும் அப்படித்தான்."

"அப்போ வேகமா ஓடினா நல்ல மூளை, மெதுவா ஓடினா மக்கு மூளைன்னு இல்லையா?"

"அலையைப் பார்த்து அதெல்லாம் சொல்ல முடிஞ்சா, நான் உன் அம்மாவைப் பொண்ணு பாக்கப் போனப்பவே இந்த மிஷினை எடுத்துட்டுப் போயிருப்பேனே. நீ ஏன் இதெல்லாம் கேக்கறே?"

"சும்மாதான்."

அப்பா கம்பிகளைத் துடைத்துச் சுருட்டினார். ஒன்றைப் பார்த்து முகம் சுளித்தார். "இது சரியா ஒட்டவே இல்ல. இப்படி இருந்தா பக்கத்துல ஓடற மின்விசிறிகூட மூளை மாதிரி எழுதும். அதான் எங்க வேலையில முதல்ல கம்பியைச் சந்தேகப்படணும். அப்புறம்தான் மண்டையை."

வியாழக்கிழமை காலையிலேயே ஜன்னல் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பட்டை மூளையை எழுதல. தாடையை..."

"சும்மா இரு. நாளைக்குப் பெற்றோர் எல்லாம் வர்றாங்க, எனக்கு ஆயிரம் வேலை."

"சும்மா இருந்தா சிவப்பு வருது சார்."

"எதிர்த்துப் பேசாதே. சும்மா போய் உன் இடத்துல சும்மா உக்காரு."

ஒரே மூச்சில் எத்தனை சும்மா. அத்தனையையும் பிள்ளைகள் செய்ய வேண்டும், செய்தால் தண்டனை. இதை எந்த வக்கீலிடம் போய்ச் சொல்வது?

வகுப்பறையின் ஜன்னல் விளிம்பில் ஒரு பூசணிக்காய் இருந்தது. பள்ளித் தோட்டத்தில் காய்த்தது. வெள்ளிக்கிழமை விதைப் பாடத்துக்காக அறிவியல் டீச்சர் எடுத்து வைத்திருந்தார். ஒரு மனிதத் தலை அளவு. வழுக்கைத் தலை.

மாலை எல்லோரும் விளையாடப் போனதும் ஜன்னல் தன் பட்டையைக் கழற்றினாள். அப்பாவின் பசைக்குப் பதிலாக, கரும்பலகை துடைக்கும் துணியை நனைத்துப் பூசணிக்காயின் மேல் போட்டாள். அதன்மேல் பட்டையைக் கட்டினாள். காம்பில் கிளிப்பை மாட்டினாள்.

சிவப்பு.

"அதுவும் சும்மாதான் இருக்கு," என்றான் அப்புறம். "என்னை மாதிரி."

"இரு." அவள் பூசணிக்காயை விளிம்போடு நகர்த்தி, மூலையில் மின்சாரப் பலகைக்கு அருகே வைத்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பச்சை.

இருவரும் அதையே பார்த்தார்கள். பூசணிக்காய் அவர்களை மிகுந்த கவனத்துடன் பார்த்தது.

"பூசணிக்காய் யோசிக்குதா?" என்று கேட்டான் அப்புறம்.

"இல்ல. மின்விசிறி யோசிக்குது."

திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் அப்போதுதான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஆனா யாரு நம்புவா? சார் உன்னைப் பேசவே விட மாட்டாரே."

"நான் பேசப் போறதில்ல," என்றாள் ஜன்னல். "சும்மா இருக்கச் சொல்லியிருக்காரு. சும்மா இருக்கப் போறேன்."

வெள்ளிக்கிழமை. வகுப்பின் பின்பக்கம் பெற்றோர்கள் நின்றார்கள். அவர்களில் முன்வரிசையில் அப்புறத்தின் அம்மா. பேருந்து நடத்துநர். வேலையின் நடுவே வந்திருந்தார், தோளில் டிக்கெட் பை அப்படியே தொங்கியது. பட்டை விற்றவர் திரைக்கு அருகில் நின்றார், சிரிப்பையும் கொண்டுவந்திருந்தார்.

பிள்ளைகள் பல்லைக் கடித்தார்கள். திரை பச்சையாயிற்று. தலைமையாசிரியர் பேசத் தொடங்கினார். கவனத்தின் பெருமை பற்றி அவர் பேசப் பேச, பாவம், பிள்ளைகளின் தாடை வலித்தது. ஒவ்வொரு எண்ணாகச் சிவந்து, பதறி, மறுபடி பச்சையானது. ஒரே ஓர் எண் மட்டும் அசையாமல் பச்சையாகவே நின்றது.

ஜன்னல் தன் இடத்தில் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். எதையும் ஒளிக்கவில்லை. பூசணிக்காயும் எல்லோர் கண்ணெதிரேதான் இருந்தது, நெற்றியில் பட்டையோடு. ஆனால் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை.

கணக்கு டீச்சர் மட்டும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறத்தின் குனிந்த தலை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"ஏழாம் எண்ணைப் பாருங்க," என்று குரல் உயர்த்தினார் தலைமையாசிரியர். "ஒரு நொடிகூட கவனம் சிதறல. யாரு அது? எழுந்து நில்லு."

ஜன்னல் எழுந்து நின்றாள்.

"ஆகா. நாள் முழுக்க வெளியே வேடிக்கை பாக்கிற பிள்ளை இது. இப்போ பாருங்க மாற்றத்தை. இதுதான் பட்டையோட மகிமை." அப்போதுதான் அவர் திரையை விட்டு அவளைப் பார்த்தார். "உன் பட்டை எங்கே?"

"ஜன்னல்ல இருக்கு சார்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அங்கே மறைக்கச் சோறுகூட இல்லை.

பட்டை விற்றவர்தான் முதலில் பேசினார். சிரிப்பு இப்போது கொஞ்சம் கழன்றிருந்தது. "அதாவது, சில காய்கறிகள்ல நீர்ச்சத்து அதிகமா இருக்கிறதால..."

"கொஞ்சம் நில்லுங்க சார்," என்றார் அப்புறத்தின் அம்மா. ஓடும் பேருந்தில் கடைசி இருக்கை வரை கேட்கும் குரல் அது. "பூசணிக்கா பாஸு. என் பையன் ஃபெயிலு. அதைச் சொல்லத்தான் என்னை டூட்டியை விட்டு வரச் சொன்னீங்களா?"

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படாம..."

"எத்தனையோ பேரு டிக்கெட் எடுக்காம ஏறி எனக்குக் கதை சொல்லியிருக்காங்க. யாரும் பூசணிக்காயைக் காட்டி சொன்னதில்ல. யாரு காதுல சார் பூ சுத்துறீங்க? ஓ, இங்க பூ இல்ல. கிளிப்பு."

பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று ஜன்னல் கணக்கு டீச்சரைக் கேட்டாள்.

"சொல்லும்மா."

அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் பல்லை விடுங்க."

"அப்பாடா," என்றது வகுப்பு. தாடைகள் தளர்ந்தன. திரை ஒரேயடியாகச் சிவந்தது. மேலிருந்து கீழ்வரை சும்மா, சும்மா, சும்மா. நடுவில் ஏழாம் எண் மட்டும் பச்சை.

"இவங்க எல்லாரும் இப்பதான் சார் நிஜமா கவனிக்கிறாங்க," என்றாள் ஜன்னல்.

அது உண்மை. பூசணிக்காய்க்கும் தலைமையாசிரியருக்கும் இடையே அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்த வகுப்பு அப்படிக் கவனித்தது. ஒரு சத்தமில்லை. மின்விசிறி ஓடும் ஒலி மட்டும்.

"பத்து," என்றது ஒரு குரல்.

தலைமையாசிரியர் திடுக்கிட்டார். "என்ன பத்து?"

"பூட்டு சார்." அப்புறம் எழுந்து நின்றிருந்தான். நெற்றியில் சிவப்பு சுடர்விட்டது. "முதல் பூட்டுக்கு நாலு சாவி போட்டுப் பாத்தா போதும். நாலும் சேரலேன்னா அஞ்சாவதுதான். அதைப் போட்டுப் பாக்கவே வேண்டாம். அடுத்ததுக்கு மூணு. அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. கடைசிப் பூட்டுக்கு மிச்சம் இருக்கறதே ஒரு சாவிதான்."

கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிக் கூட்டினார். பத்து.

"இது திங்கட்கிழமை கேட்டதுப்பா," என்றார்.

"அப்புறம் சொல்றேன்னு சொன்னேனே டீச்சர்."

"வீட்டுலயும் இப்படித்தான்," என்றார் அவன் அம்மா, பக்கத்தில் நின்றவரிடம். "ராத்திரி கேட்டா காலையில பல் தேய்க்கும்போது சொல்லுவான். ஆனா சரியாச் சொல்லுவான்."

அவர் பையனிடம் போய், நெற்றியிலிருந்த பட்டையை அவரே கழற்றி, தலைமையாசிரியர் கையில் வைத்தார். மீதிச் சில்லறை கொடுப்பதுபோல.

பட்டைகள் அன்றே பெட்டிக்குள் போயின. பழைய பொருள் அறை மறுபடி பூட்டப்பட்டது. அப்புறம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். "எட்டாவது பெஞ்சு கால் ஆடுதுல்ல, அதுக்கு ஒரு யோசனை இருக்கு," என்றான் ஜன்னலிடம்.

"என்ன?"

"அப்புறம் சொல்றேன்."

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டி ஓர் அறிவிப்பு வாசித்தார். தாம் இடைவிடாது ஆராய்ந்ததில், அந்தக் கருவியில் சில குறைகள் இருப்பதைத் தாமே கண்டறிந்ததாகவும், மாணவர் நலன் கருதி அதைத் துணிச்சலுடன் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

பூசணிக்காய் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலேயே வெட்டப்பட்டது. உள்ளே விதைதான் இருந்தது.